ஊசிக்குப் பதிலாக ஓர் இலை

தென்காசியில் டாக்டர் தளவாய் நடத்திவந்த ஆஸ்பத்திரியில் வல்லிநாயகம் கம்பவுண்டராக இருந்தான். 1940ஆம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள் காலை அவன் ஏழு பேருடைய மூத்திரத்தைச் சோதித்தான். ஏழாவது அவன் மனைவி முத்துவடிவுடையது.

அந்தச் சோதனை பெரிய வித்தை இல்லை. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, கடைசியில் செங்கல் நிறம் வந்துவிட்டால் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. முத்துவடிவுடையது நன்றாகக் கொதிக்கும் முன்பே செங்கல் பொடியைக் கரைத்ததுபோல் ஆகிவிட்டது. வல்லிநாயகம் குழாயைக் கழுவிவிட்டு மறுபடியும் செய்தான். மருந்து கெட்டுப்போயிருக்கலாம் என்று தோன்றவே, தன்னுடையதையே பிடித்துவந்து கொதிக்கவைத்தான். அது நீலமாக நின்றது.

இரண்டு மாதமாக அவள் மெலிந்துகொண்டு வந்தாள். கல்யாணமான புதிதில் வாங்கிய வளையல்கள் முழங்கை வரைக்கும் ஏறின. ஒரு வேளைச் சோற்றை முடித்துக் கை கழுவும்போதே அடுத்த வேளைப் பசி வந்துவிடும். தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பாள். சுரண்டையிலிருந்து வந்த அவள் அம்மா, வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். தினமும் பத்துப் பாட்டில் சோதிக்கிற கம்பவுண்டருக்கு, வீட்டில் காலியாகிற குடம் கண்ணில் படவில்லை. அதை நினைத்து அவன் பிற்பாடு பல வருஷம் தன்னையே திட்டிக்கொண்டான்.

டாக்டர் தளவாய் ஒளித்துப் பேசத் தெரியாதவர். அவர் அவனை உட்காரவைத்துச் சொன்னார்.

"இந்தா பாரு வல்லிநாயகம். நம்மகிட்ட வாரவங்கள்ல முக்கால்வாசிப் பேரு அம்பது வயசுக்கு மேல, தொப்பையும் தொந்தியுமா வாரவங்க. அவங்க உடம்புல சக்கரையச் செரிக்கிற நீரு கொஞ்சமாவது தானா ஊறும். வாயைக் கட்டினா ஓடிரும். இவளுக்கு இருபத்தோரு வயசு, குச்சி மாதிரி இருக்கா. இவ உடம்புல அது சுத்தமா ஊறல. காலையில ஒரு ஊசி, சாயந்தரம் ஒரு ஊசி. இன்சுலின். சாகுற வரைக்கும்."

"எத்தனை வருசம் இருப்பா சார்?"

"ஊசி இருக்குற வரைக்கும் இருப்பா."

திருநெல்வேலியில் ஒரு மருந்துக் கடைக்கு மதராஸிலிருந்து இன்சுலின் வரும். மாதம் நான்கு குப்பி. வல்லிநாயகத்தின் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. ஈர மணல் பரப்பிய மண்கலயத்துக்குள் குப்பியை இறக்கி, வீட்டின் இருட்டு மூலையில் வைத்தான். ஊசியைத் தினமும் வெந்நீரில் போட்டெடுப்பான். முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுவான். முதல் மாதம் ஊசி குத்தும்போதெல்லாம் முத்துவடிவு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு அது பழகிவிட்டது. தொடையில் குத்தியபடியே அவன் ஆஸ்பத்திரிக் கதை சொல்வான்; அவளும் உம் கொட்டுவாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது.

ஆனால் சொந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. இன்னாருக்கு இது கேட்டது, அன்னாருக்கு அது கேட்டது என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். ஆவாரம்பூக் கஷாயம் ஒரு மண்டலம் குடித்தாள். நாவல்கொட்டையை இடித்துச் சலித்த பொடியை மோரில் கலக்கிக் குடித்தாள். பாகற்காய்ச் சாறு குடித்து வாந்தி எடுத்தாள். அவள் சித்தப்பா வேங்கைக் கட்டையில் குடைந்த ஒரு குவளையைக் கொண்டுவந்தார். அதில் ஊற்றிவைத்த தண்ணீர் விடிவதற்குள் தேயிலைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்; அதையும் குடித்தாள். ஒவ்வொன்றுக்கும் வல்லிநாயகம் மறுநாள் காலையில் குழாயை எடுத்துக்கொண்டு விளக்குக்கு முன் நிற்பான். ஊசி போட்ட நாளில் பச்சை. ஒரு வேளை ஊசி பிந்தினால் செங்கல். எந்தக் கஷாயமும் அதை அசைக்கவில்லை.

இப்படி ஒன்றரை வருஷம் ஓடியது.

1942 மாசியில் சைதூன் பீவி என்ற அம்மாள் கூண்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஜவுளி வியாபாரியின் விதவை. ஐம்பத்திரண்டு வயது, நல்ல கனத்த உடம்பு. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. சோதித்தால் செங்கல் நிறம். டாக்டர் ஊசி என்று வாயெடுத்ததுமே அந்த அம்மாள் எழுந்துவிட்டாள்.

"ஊசி மட்டும் வேண்டாம் டாக்டரு. அதுக்குப் பதிலா மவுத்தாகி மண்ணுக்குப் போனாலும் சரி."

டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லி, புண்ணுக்கு மருந்து வைத்து அனுப்பினார். வெளியே வரும்போது வல்லிநாயகத்திடம் அவள் மெதுவாகக் கேட்டாள். "தம்பி, பச்சிலை எதாவது உண்டுமா?"

வல்லிநாயகத்துக்கு இசக்கியப்பன் நினைவு வந்தது. இசக்கியப்பன் குற்றாலத்துக்காரன். சாரல் காலத்தில் அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். மற்ற மாதங்களில் மலைக்குப் போய் வேரும் இலையும் கொண்டுவந்து தென்காசி நாட்டு மருந்துக் கடைகளில் போடுவான். அவன் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கை வெட்டுக்காயத்துடன் வந்தபோது, சர்க்கரைக்குச் சிறுகுறிஞ்சானை மிஞ்சி ஒன்று கிடையாது என்று சொல்லியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வல்லிநாயகம் குற்றாலம் போனான். இசக்கியப்பன் அவனைச் செண்பகாதேவிப் பாதையில் கூட்டிப்போய், ஒரு மரத்தில் சுற்றிக் கிடந்த கொடியைக் காட்டினான். இரண்டு இலையைக் கிள்ளிக் கொடுத்தான்.

"மெல்லுங்கய்யா. நல்லா நாக்குல படுற மாதிரி."

கசந்தது. மென்று துப்பினான். இசக்கியப்பன் மடியிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து நீட்டினான். வல்லிநாயகம் அதை வாயில் போட்டான். ஆற்றுமணலை வாயில் அள்ளிப் போட்டமாதிரி இருந்தது. இனிப்பு என்பதே இல்லை.

"வாயிலயே சக்கரையக் கொல்லுதுல்லா? உள்ள போயி விடுமா?" என்றான் இசக்கியப்பன்.

வாயில் நடப்பது வேறு, ரத்தத்தில் நடப்பது வேறு என்று கம்பவுண்டருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்தக் கருப்பட்டி நாக்கில் மண்ணாகிப்போனது அவனை ஆட்டிவிட்டது. ஒரு மூட்டை இலை வாங்கிவந்து, நிழலில் உலர்த்தி இடித்தான்.

சைதூன் பீவிக்கு அதைக் கொடுத்தான். வாரம் ஒரு முறை அவள் வீட்டு வேலைக்காரி பாட்டிலில் மூத்திரம் கொண்டுவருவாள். முதல் வாரம் செங்கல். இரண்டாவது வாரமும் செங்கல். மூன்றாவது வாரம் ஆரஞ்சு. பங்குனி முடிவதற்குள் பச்சைக்கு வந்துவிட்டது. காலிலிருந்த புண் காய்ந்து தோல் மூடியது.

வல்லிநாயகம் குழாயைக் கையில் பிடித்தபடியே டாக்டர் அறைக்குள் ஓடினான். டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல விசயந்தான். இலை கேட்டிருக்கலாம். ஆனா அந்தம்மா மூணு வேளைச் சோறு ஒரு வேளை ஆயிட்டு. அரிசியும் இப்பம் கடையில ஒழுங்காக் கிடைக்கல. அதுவும் காரணமா இருக்கலாம். எது பாதி, எது முக்கால்னு நமக்கு என்னடே தெரியும்?"

"முத்துவுக்குக் குடுத்துப் பாக்கட்டுமா சார்?"

"குடு. இலை நூறு குடு. ஊசியில மட்டும் கை வைக்காத."

வல்லிநாயகம் ஊசியில் கை வைத்தான். கை வைக்கும்படி காலம் வந்தது.

அந்தச் சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸ் பட்டணமே காலியானது. கடைகள் பூட்டிக் கிடந்தன. திருநெல்வேலி மருந்துக் கடைக்காரர், கப்பலில் சரக்கு வரவில்லை, வந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்று எழுதினார். நான்கு குப்பி வந்த இடத்தில் மூன்று வந்தது. வைகாசியில் இரண்டு. ஆனியில் ஒன்று வந்தது. அதற்கப்புறம் கடிதம்கூட வரவில்லை.

அவன் முத்துவடிவுக்கு இலைப் பொடியைக் காலை மாலை கொடுக்கத் தொடங்கியிருந்தான். முதல் நாள் பொடியைத் தின்ற கையோடு அவள் அடுக்களைக்குப் போய், பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த ஒரு துண்டுக் கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டாள். எப்போதாவது, யாரும் பார்க்காதபோது நுனி நாக்கில் தொட்டுக்கொள்வதற்காக வைத்திருந்தது அது. துப்பிவிட்டு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் மண்ணாக்கிட்டீங்களே."

"கொஞ்ச நாள்தான் முத்து. பீவியம்மாளுக்கு என்ன ஆச்சுன்னு சொன்னேன்லா? உனக்கும் ஆயிரும். ஊசியே வேண்டாம்னு ஆயிரும்."

அவன் அதை நம்பிச் சொன்னான். நம்பாவிட்டால் கலயத்தில் இருந்த குப்பிகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

காலையில் பதினாறு யூனிட், மாலையில் பன்னிரண்டு. இதுதான் அவளுடைய அளவு. அதைக் காலையில் பதினான்காக்கினான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தான். மூத்திரம் மஞ்சளில் நின்றது. இலை தாங்குகிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். மாலையில் பத்து ஆக்கினான். பிறகு எட்டு. ஆடி பிறப்பதற்குள் காலையில் ஆறு, மாலையில் ஐந்து என்று வந்துவிட்டது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஊசியில் மருந்து குறைவாகத் தெரிந்தால் பயந்துவிடுவாள் என்று, குறைந்த அளவுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரை இழுத்து நிரப்பினான். வழக்கமான அளவு நிரம்பிய ஊசியைத்தான் அவள் பார்த்தாள்.

ஆடியில் சாரல் நன்றாக விழுந்தது. தென்காசித் தெருவெல்லாம் நசநசவென்று நனைந்து கிடந்தது. ஆஸ்பத்திரி வாசல் வழியாகக் குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் ஓயவில்லை. மலைக்காற்று குளிர்ந்து வீசியபோது ஊரே போர்த்திக்கொண்டு படுத்தது. முத்துவடிவு மட்டும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். செம்பைக் கீழே வைக்க முடியவில்லை. கன்னத்துச் சதை வந்த வழியே போனது. காலையில் குழாய் செங்கல் காட்டியது. அடுத்த நாளும் செங்கல். அவன் இலைப் பொடியை இரட்டிப்பாக்கினான். இசக்கியப்பனிடம் போய் வேர் வாங்கிவந்தான். கடலழிஞ்சில் பட்டை சேர்த்துக் கொதிக்கவைத்தான். பீவியம்மாளுக்குக் கேட்டது இவளுக்கு ஏன் கேட்கவில்லை? பொடி பழசாகிவிட்டதோ என்று பச்சை இலையாகவே அரைத்துக் கொடுத்தான். அவள் முகம் சுளிக்காமல் விழுங்கினாள்.

ஒரு நாள் மத்தியானம் அவன் சாப்பிட வந்தபோது, முத்துவடிவு கலயத்திலிருந்து குப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு குப்பி ஏழு நாளைக்கு வரும். இத எடுத்து இன்னைக்குப் பதினாலாவது நாளு. இன்னும் கால்வாசி கிடக்கு."

அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினான்.

"ஊசியில தண்ணிதான விட்டீங்க?"

"கொஞ்சந்தான்..."

"எவ்வளவு நாளா?"

"வைகாசியிலேருந்து."

அவள் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. மூச்சு வாங்கியது.

"சொல்லிட்டுக் குறைச்சிருக்கலாம்லா. நான் என்ன, தாங்க முடியாதுன்னா சொல்லியிருப்பேன்? இருக்கறதப் பங்கு வச்சுப் போட்டிருப்போம். நான் பொழைக்கேன், இலை கேட்டுட்டுன்னு நெனச்சுக்கிட்டுல்லா அந்தக் கசப்பத் தின்னேன்."

"மருந்தே வரலட்டி. வரவே இல்ல. நான் என்ன செய்ய?"

அவன் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். அவள் பக்கத்தில் வரவில்லை. எழுந்துபோய்க் குப்பியைக் கலயத்துக்குள் வைத்து மூடினாள். அன்றைக்கு இலையைத் தின்ன மறுத்துவிட்டாள்.

அன்று மாலையே மிச்சமிருந்ததில் முழு அளவு போட்டான். அப்படியே போட்டதில் மூன்றாம் நாள் குப்பி காலியானது. தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டதில் நாடெங்கும் கலவரமாக இருந்த சமயம் அது. தந்திக் கம்பிகளை அறுத்துவிட்டார்கள் என்றார்கள். திருநெல்வேலியிலிருந்து எந்த வண்டி எப்போது வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியவில்லை. ஊசி இல்லாத இரண்டாம் நாள் முத்துவடிவு வாந்தி எடுக்கத் தொடங்கினாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். மூன்றாம் நாள் காலையில் அவள் மூச்சுக்காற்றில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை அடித்தது. அந்த வாடை என்னவென்று வல்லிநாயகத்துக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அதை இரண்டு பேரிடம் முகர்ந்திருக்கிறான். அந்த இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

டாக்டர் தளவாய் வந்து பார்த்தார். தொடையில் உப்புநீர் ஏற்றினார்.

"இது ஒரு நாள் தாங்கும். ரெண்டு நாள்னு சொல்ல மாட்டேன். கொல்லத்துப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருக்கு. செங்கோட்டை வழியா வண்டி ஓடுதுன்னு கேள்வி. நான் லெட்டர் தாரேன். போ."

சுரண்டைக்கு ஆள் அனுப்பி அவள் அம்மாவை வரவழைத்துவிட்டு வல்லிநாயகம் வண்டி ஏறினான். மலைகளுக்கு நடுவே, குகைப்பாதைகளுக்குள் புகுந்து புறப்பட்டு, ரயில் ஊர்ந்தது. எதிரே இருந்தவர்கள் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். ஒருவர் அவனுக்கும் ஒரு கவளம் நீட்டினார். அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். சாப்பிடத் தோன்றவில்லை, கீழே போடவும் தோன்றவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். மலையாளம் கலந்த தமிழில் பேசினார். கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையசைத்தார்.

"இவிடெ எனக்கு நாலு நோயாளிகள் உண்டு. அதில் ஒண்ணு சின்னக் குட்டி. அவர்களுக்கு உள்ளதை எடுத்து உமக்குத் தரவா?"

வல்லிநாயகம் தரையில் விழுந்துவிட்டான். அவர் பின்வாங்கினார். எழுந்திருக்கச் சொன்னார். அவன் எழவில்லை.

"போன ஒரு மாசம் அவளுக்கு எத்தனை யூனிட் கொடுத்தீர்?"

அவன் வாயைத் திறந்தான். எண்கள் எல்லாம் தெரியும். பதினான்கு, பத்து, எட்டு, ஆறு, ஐந்து. சொல்ல முடியவில்லை.

"பச்சிலை கொடுத்தேம்மா. இலை கேட்கும்னு ஊசியக் குறைச்சேன்."

 திட்டுவார் என்று எதிர்பார்த்தான், அவர் திட்டவில்லை. உள்ளே போய் ஒரே ஒரு குப்பியைக் கொண்டுவந்து, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தார். இனி வராதீர், வந்தால் இருக்காது என்றார்.

அவன் திரும்பி வந்தபோது முத்துவடிவுக்கு நினைவு இல்லை. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. கூப்பிட்டால் இமை அசையவில்லை. அவள் அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அவள் உதட்டைத் தண்ணீர்த் துணியால் தொட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் அங்கேயே உட்கார்ந்து மணிக்கணக்கில் ஊசி போட்டார். மறுநாள் மத்தியானம் மூச்சு தணிந்தது. சாயந்தரம் கண் திறந்தாள். கூரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"வாய் காயுது," என்றாள்.

குப்பியில் மிஞ்சியது தீரும் சமயத்தில், ஆவணியில் திருநெல்வேலியிலிருந்து மறுபடியும் மருந்து வரத் தொடங்கியது. ஒழுங்காக வரவில்லை, ஆனால் வந்தது. தேறி உட்கார்ந்த பிறகு முத்துவடிவு ஒரு காரியம் செய்தாள். ஊசியை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டாள். வெந்நீரில் போடுவதும், அளவு இழுப்பதும், குத்துவதும் தானே. குப்பி குறைகிற நாட்களில் எவ்வளவு குறைப்பது என்று இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். முடிவை அவள் சொன்னாள். அவன்மேல் கோபமாக இருந்தாளா என்று கேட்டால், அப்படி ஒன்றும் வெளியே தெரியவில்லை. ஆனால் ஊசி போடும்போது அவன் கதை சொல்வதும் அவள் உம் கொட்டுவதும் அதோடு நின்றுபோயின.

இதற்குள் சைதூன் பீவி குணமான கதை ஊரெல்லாம் பரவியிருந்தது. ஊசி இல்லாமல் கம்பவுண்டர் இலையிலேயே சர்க்கரையை இறக்குகிறார் என்று ஆலங்குளத்திலிருந்தும் சுரண்டையிலிருந்தும் ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள். வல்லிநாயகம் முதலில் எல்லாரையும் திருப்பி அனுப்பினான். பிறகு, கனத்த உடம்பும் நடுத்தர வயதுமாக வருகிறவர்களுக்கு, டாக்டரிடம் காட்டி, சோதித்துச் சோதித்துக் கொடுத்தான். சிலருக்குக் குறைந்தது. சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. தன்னைக் கேட்காமல் யாருக்கும் இலை கொடுக்கக் கூடாது என்று இசக்கியப்பனிடமும் சொல்லிவைத்தான். மெலிந்த இளவயதுக்காரர் யாராவது வந்தால், அவர்களிடம் அவன் பேசுவதற்கு முன்பே முத்துவடிவு வெளியே வந்துவிடுவாள்.

1943 தையில் ஆலங்குளத்திலிருந்து சந்தனமாரி என்ற பெண் தன் மகன் செல்லப்பாவைக் கூட்டிவந்தாள். இருபது வயதுப் பையன், கண் உள்ளே போய், உதடு வெடித்திருந்தான். முத்துவடிவு சேலையை முழங்காலுக்குமேல் லேசாக ஒதுக்கி, தொடையில் ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன தழும்புகளை அந்த அம்மாளுக்குக் காட்டினாள்.

"இங்க பாருங்கக்கா. நானும் இலை தின்னவதான். செத்துப் பொழைச்சேன். உங்க மகனுக்கு ஊசிதான். இன்னைக்கே திருநெவேலிக்குக் கொண்டுபோங்க. நாளைக்குன்னு நினைக்காதீங்க."

"தெனமும் ரெண்டு ஊசின்னா பிள்ளைக்கு எவளப் பேசி முடிக்க?" என்றாள் சந்தனமாரி. வல்லிநாயகம் அவர்களை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டு வந்தான். அவர்கள் வண்டி ஏறவில்லை. அவன் தலை மறைந்ததும் குற்றாலத்துக்குப் போய், விசாரித்து, இசக்கியப்பனிடமே நேரே இலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். பதினோராம் நாள் செல்லப்பா இறந்துபோனான்.

செய்தி கேட்டு வல்லிநாயகம் குற்றாலத்துக்கு ஓடினான். இசக்கியப்பன் வீட்டு முற்றத்தில் இலையைப் பரத்திக் காயவைத்துக்கொண்டிருந்தான். வல்லிநாயகம் அதைக் காலால் எற்றிவிட்டான்.

"ஏலே, யாருக்கும் குடுக்காதன்னு சொன்னேன்லா! ஒரு பிள்ள போயிட்டு!"

இசக்கியப்பன் சிதறிய இலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிதானமாகவே சொன்னான்.

"ஒரு தாய் வந்து மடியேந்தி நிக்கும்போது நான் எப்படி இல்லன்னு சொல்ல? அவ எம்பேரக் கேட்டு வரலய்யா. கம்பவுண்டரு குடுக்கிற இலை எங்க கிடைக்கும்னு கேட்டுல்லா வந்தா."

வல்லிநாயகம் குனிந்து இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி ஓலைப்பாயில் போட்டான். 

முத்துவடிவுக்கு அடுத்த வருஷம் இருமல் பிடித்தது. ஊசி தடையில்லாமல் வந்துகொண்டிருந்தும், மருந்து குறைந்த அந்த மாதங்களில் உடம்பை விட்டுப்போன பலம் திரும்பவில்லை. மார்பில் க்ஷயம் என்றார் டாக்டர். அதற்கு அப்போது ஊசியும் கிடையாது, இலையும் கிடையாது. வல்லிநாயகம் ஆட்டுப்பால், முட்டை என்று ஓடினான். யாராவது ஒரு வேர் சொன்னால் அவள் முகத்தைப் பார்ப்பான். அவள் வேண்டாம் என்று கையசைப்பாள். கடைசி மாதத்தில் கை நடுங்கி ஊசி பிடிக்க முடியாமல் போனபோது, அவளே ஊசியை அவனிடம் நீட்டினாள்.

"பதினாறு," என்றாள். "எனக்குத் தெரியுற மாதிரி இழுங்க."

அவன் ஜன்னலுக்கு நேரே குப்பியையும் ஊசியையும் தூக்கிப் பிடித்து, அவள் பார்க்கும்படி இழுத்தான். அவள் ஊசியின் அளவுக் கோட்டைப் பார்த்துத் தலையசைத்த பிறகு குத்தினான். ஒவ்வொரு வேளையும் அப்படித்தான்.

1945 தையில் அவள் போய்ச் சேர்ந்தாள். அப்போது இருபத்தாறு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சைதூன் பீவி கூண்டு வண்டியில் வீட்டுக்கு வந்தாள். அவன் போட்ட பலகையில் உட்கார்ந்தாள். முன்பைவிட மெலிந்து, நல்ல திடமாக இருந்தாள்.

"நான் தின்ன அதே இலையத்தான அந்தப் பிள்ளையும் தின்னுச்சு," என்றாள். "கிழவி எனக்குக் கேட்டுச்சு. அதுக்குக் கேக்கல. இனி அதத் தொட எனக்கு மனசு வரல தம்பி. நேத்தே நிறுத்திட்டேன்."

வல்லிநாயகத்துக்குக் கொஞ்ச நாளாக அந்த அம்மாளை நினைத்தாலே வயிறு எரிந்தது. அவள் குழாயில் வந்த பச்சையைப் பார்த்துத்தானே இத்தனையும் என்று நினைப்பான். இப்போது எதிரே உட்கார்ந்து அவள் முக்காட்டால் கண்ணைத் துடைத்தபோது, அந்த எரிச்சலைத் தேடிப் பார்த்தான். பிடிபடவில்லை.

"நிறுத்தாதீங்கம்மா. உங்களுக்கு அது செய்யுது. அவ உடம்பு வேற, உங்க உடம்பு வேற. அது தெரியாமத்தான் நான்..."

எழுந்துபோய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். 

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போறேன்," என்றான். "வேலைக்காரிகிட்ட பாட்டில் குடுத்துவிடுங்க. ஒரு மாசமா சோதிக்கவே இல்ல."

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போனான். மேஜைமேல் பன்னிரண்டு பாட்டில்கள் காத்திருந்தன. டாக்டர் இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, பெயர்ச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துக் கொடுத்தபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.